மூன்று விரல் ஈரத்தடம்

பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் நாச்சிமுத்து. குமாரபாளையத்து நெசவுக் குடும்பம். பையனுக்குத் தகப்பனார். நான் சமையலறைக் கதவிடுக்கில் காபித் தட்டோடு நின்றுகொண்டு, என் மாமனாராக வரக்கூடியவர் எப்படிப்பட்ட ஆள் என்று எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவரோ தலையைக் குனிந்தபடி சிமென்ட் தரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டு மட்டும் சிமென்ட் போட்டது. வந்தவர்கள் கால் கழுவ அப்பாதான் வாசலில் நின்று தண்ணீர் ஊற்றினார். பெண்ணைப் பெற்றவர் செய்யவேண்டிய மரியாதை அது. பதற்றத்தில் குடம் சாய்ந்து அவருடைய காலுறைகளும் நனைந்துவிட்டன. சேலத்து வெயிலில் வீட்டுக்குள் காலுறை போட்டுக்கொண்டு நடமாடிய ஒரே மனிதர் என் அப்பாதான். ஈரக் காலுறையோடு விருந்தாளிகள் முன்னால் உட்காரக் கூடாதென்று அவற்றைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

ஈரக்கால் தரையில் பதிந்தது. வலது தடத்தில் ஐந்து விரல். இடது தடத்தில் மூன்று.

வழக்கமாக எங்கள் ஊரில் தண்ணீர் சிந்தினால் துணி எடுத்து வருவதற்குள் காய்ந்துவிடும். அன்று பார்த்துக் காயவில்லை. நாச்சிமுத்து தடத்தைப் பார்த்தார், அப்பாவின் காலைப் பார்த்தார், பிறகு அப்பாவின் இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்தார். அதிலும் நுனி கிடையாது. மெதுவாகத் தன் பாயைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் விரல் இல்லாத காலுக்கு ஒரே அர்த்தம்தான். பெருவியாதி, அதாவது குஷ்டம். அந்தப் பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் எனக்கு மட்டுமல்ல, என் மாமன் பிள்ளைகளுக்குக்கூடக் கல்யாணம் நடக்காது.

எலித் துரை

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா சேலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுத் தோட்டங்களுக்குப் போய் விற்பார். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கடை. அங்கே உட்கார்ந்து ஒருநாள் கிழிந்த சேலையை இழையோட்டித் தைத்துக்கொண்டிருந்தாராம். கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. அதை ஒரு வெள்ளைக்காரர் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறார்.

அந்த வெள்ளைக்காரரை ஊரார் எலித் துரை என்றார்கள். மலையில் பொறி வைத்து எலி, மூஞ்சூறு, வௌவால், மரநாய் என்று பிடிப்பார். பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் காட்டு மிருகம் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அவருடைய வேலை. பிடித்ததும் முதலில் அளவு. மூக்கிலிருந்து வால் நுனிவரை, பிறகு வால் தனியாக, பிறகு பின்னங்கால் பாதம், கடைசியில் காது. அதன் பிறகுதான் தோலை உரிப்பார். உரித்த தோலில் பாஷாணம் தடவி, பஞ்சு அடைத்து, உயிரோடு படுத்திருப்பதைப்போலத் தைத்துவைக்க வேண்டும். மூஞ்சூற்றின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. அதைத் தைக்க அவருக்கு ஒரு நெசவாளியின் விரல் வேண்டியிருந்தது.

ஊருக்கு அந்தத் துரைமேல் பெருத்த சந்தேகம். எலித்தோலை எதற்கு ஒருவன் கடல் தாண்டி வந்து வாங்குகிறான்? பூமிக்குள் என்ன இருக்கிறதென்று எலிக்குத்தான் தெரியும், அதனால் அதன் வயிற்றைக் கிழித்துத் தங்கம் தேடுகிறான் என்றார்கள் சிலர். நான் அப்போது பேசத் தெரிந்தவளாக இருந்திருந்தால் அந்தக் கட்சியில்தான் சேர்ந்திருப்பேன்.

துரை கிளம்பிப் போனபோது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மதராஸ்வரை என்று சொல்லித்தான் போனார். அங்கிருந்து கப்பல். அதன் பிறகு ஓரிரு தடவை செய்தி வந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா தன் அண்ணன் வீட்டோடு வந்து, தறிக்கு நூல் தார் சுற்றி என்னை வளர்த்தாள்.

கேட்டதையே கேட்பேன்

எனக்குத் தாவணி போட்ட பிறகு ஒருநாள் மத்தியானம், தொப்பியும் காலுறையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். அம்மா பார்த்தாள். உள்ளே போய் இலை போட்டாள்.

எனக்கு அம்மாமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கே போனீர்கள், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பிறகு நான் சண்டை பிடித்தபோது அவள் சொன்னது ஒன்றுதான்.

"எங்க போனா என்ன, வந்துட்டாரில்ல."

என்னால் அப்படி விட முடியுமா? சந்தேகம் என் கூடப்பிறந்தது. காபிப் பொடியை இன்றைக்கும் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன். போன வாரம் இந்தப் பத்திரிகையில் அதை எழுதியதற்குச் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள், உங்கள் வீட்டுக் காபியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

அப்பா சொன்ன கதை இதுதான். வடக்கே, பூமி முடிகிற இடத்தில் ஒரு பனிதேசம். அங்கே உள்ள மிருகங்களையெல்லாம் கணக்கெடுக்கத் துரை போனார். தோல் உரித்துத் தைக்க அப்பாவும் போனார். கடல் உறைந்து தரையாகிவிடுமாம். அதன்மேல் வண்டி ஓட்டலாமாம். மாதக்கணக்கில் சூரியன் மறையாதாம். பிறகு மாதக்கணக்கில் வராதாம். கோடையில் மண்ணின் நிறத்தில் திரியும் நரி, குளிர் வந்ததும் உப்பைப்போல வெள்ளையாகிவிடுமாம்.

என் தாய்மாமன் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் தனியாக, "அந்தமானா இருக்கும்" என்றார். அங்கேதான் கைதிகளைச் சூரியன் தெரியாத அறையில் அடைத்துவைப்பார்களாம். எனக்கும் அது பொருத்தமாகப் பட்டது. யாரையாவது வெட்டிவிட்டுப் போயிருப்பாரோ என்று அவருடைய கைகளை ரகசியமாகப் பார்ப்பேன்.

ஒரு தந்திரம் செய்தேன். கேட்டதையே கேட்பது. இன்றைக்கு, பனிநரியின் வால் எவ்வளவு நீளம் என்பேன். கையை விரித்துக் காட்டுவார். ஒரு மாதம் கழித்துத் தக்காளி நறுக்கிக்கொண்டே அதே கேள்வியைப் போடுவேன். அதே அகலத்துக்குக் கை விரியும். பொய் சொல்கிறவன் எங்கேயாவது இடறுவான் என்று காத்திருந்தேன். அவர் இடறவே இல்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. இவ்வளவு பிசகாமல் சொல்கிறவர் எத்தனை காலம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்!

அவருக்கு என் உளவு வேலை தெரிந்தே இருந்தது. ஒருநாள் சிரித்துக்கொண்டே, "நீ துரைகிட்ட வேலைக்குப் போயிருக்கோணும் சாமி. அவரும் ஒண்ணை ரெண்டு தடவை அளக்காம எழுதமாட்டாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நம்பியதாக ஆகிவிடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

விரல் போன காலை மட்டும் அம்மா மறைக்கச் சொல்லியிருந்தாள். அதனால்தான் ஓயாத காலுறை. எனக்கு அதுவும் தெரியும். ராத்திரி தூங்கும்போதல்ல, பட்டப்பகலில் கிணற்றடியிலேயே பார்த்திருக்கிறேன். அன்று முதல் என் உடம்பில் எங்காவது வெளுத்த தேமல் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். ஊசியால் குத்திப் பார்த்துக்கொள்வேன். அந்த வியாதி வந்த சதைக்கு வலி தெரியாது என்பார்கள்; வலித்தால் நிம்மதியாக இருக்கும்.

வலியே தெரியலீங்க

நாச்சிமுத்து பாயை இழுத்துப் போட்டுக்கொண்ட இடத்தில் விட்டேன்.

அவர் மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து போய்விடவில்லை. வெற்றிலைத் தட்டில் கை வைக்காமல், மழை, நூல் கிடைக்காத கஷ்டம் என்றெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. காலுக்கு என்ன ஆச்சுங்க?"

மாமா இருமினார். ரயில் சக்கரம், கிணற்றுக் கல் என்று ஏதாவது சொல்லித் தொலையுங்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் வேண்டாத தெய்வமில்லை. அப்பாவைச் சந்தேகித்துக்கொண்டே இருந்தவள், அன்று அவர் ஒரு நல்ல பொய் சொல்லமாட்டாரா என்று தவித்தேன்.

அப்பா நிதானமாகச் சொன்னார். பொறிகளைப் பார்க்கப் பனிமேல் போனபோது ஒரு இடத்தில் பனி உடைந்து இடது காலும், ஊன்றப்போன இடது கையும் தண்ணீரில் இறங்கிவிட்டன. கூடாரத்துக்குத் திரும்புவதற்குள் விரல்கள் மெழுகுபோல வெளுத்தன, பிறகு கறுத்தன. குளிர் தின்றுவிட்டது. கூட வந்த வைத்தியர் கத்தரித்து எடுத்தார்.

"கத்தரிக்கறப்ப?" என்றார் நாச்சிமுத்து.

"வலியே தெரியலீங்க" என்றார் அப்பா.

வெட்டினாலும் வலிக்காத சதை எந்த நோய்க்காரனுடையது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வெயில் சுடும், தீ சுடும். குளிர் விரலைத் தின்னும் என்று கேட்டிராத ஊர் எங்களுடையது. மார்கழியில் ஒரு போர்வை கூடுதலாகப் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான் எங்களுக்குக் குளிர்.

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். என் கையில் இருந்த காபி ஆடை கட்டிவிட்டது.

ஒரு இழைக்கு ஒரு மிருகம்

நாச்சிமுத்து கூடத்தைத் தாண்டிப் பார்த்தார். உள்கட்டில் மாமாவின் குழித்தறி. பழைய பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, தீர்ந்து புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்த சமயம். பாதி இழைகள் பிணைக்காமல் தொங்கின.

"நீங்களும் தறிக்காரர்தானுங்களே. ஒரு பிடி பிணைச்சுக் காட்டுங்க, பாப்பம்" என்றார்.

கேட்பதற்கு உபசாரப் பேச்சு மாதிரி இருந்தது. அதில் இருந்த கொக்கி நெசவு வீட்டுக்காரர்களுக்குத்தான் புரியும். பாவு பிணைப்பதென்றால், பழைய இழையின் நுனியையும் புதிய இழையின் நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிடுவது. முடிச்சு கிடையாது. முறுக்குச் சரியாக விழுந்ததா என்பதைக் கண் சொல்லாது, விரல் நுனிதான் சொல்லும். விரல் மரத்துப்போனவன் பிணைத்த இழை, இழுத்ததும் கழன்று வந்துவிடும்.

அப்பா ஊருக்குத் திரும்பியதிலிருந்து தறியில் உட்கார்ந்ததில்லை. தையல் வேலை செய்துகொண்டிருந்தார். இப்போது எழுந்து போய்க் குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். சாம்பல் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து எதிரே உட்கார்ந்தார். அங்கேயும் ஒரு தந்திரம் செய்தார். "இழையைப் பாக்காதீங்க. எம் மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே செய்யுங்க. அங்க என்னென்ன மிருகம் இருக்குதுங்க?"

இந்த மனிதர் என்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி என்று அப்போதுதான் புரிந்தது. அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பே வந்துவிட்டது.

அப்பா அவர் முகத்தைப் பார்த்தபடி முதல் இழையை எடுத்தார்.

"வெள்ளைக் கரடிங்க" என்றார். இழை முறுக்கி விழுந்தது.

"பனிநரிங்க." இன்னொன்று.

"ஓநாய். அதுவும் வெள்ளைதானுங்க. அப்பறம் முயலு, நம்ம முயல் மாதிரி ரெண்டு பங்கு." விரல்கள் சாம்பலுக்குப் போய் வந்தன. "பாவாடை கட்டினாப்பல மயிரு தொங்கற எருது. குட்டை வால் எலி, அது பனிக்கு அடியிலயே வளை போட்டு ஓடுமுங்க. கடல்நாய். மீசையும் தந்தமும் வெச்ச ஒரு கடல் மிருகம், நம்ம எருமைய விடப் பெருசு. ஒத்தைக் கொம்பு ஒண்ணு. மீனாட்டம் இருக்கும், ஆனா மீனில்லீங்க. குட்டிக்குப் பால் குடுக்குது."

துரையின் கணக்கில் எந்த வரிசையில் வருமோ அதே வரிசை. தக்காளி நறுக்கும்போது எனக்குச் சொன்ன அதே வரிசை. ஒரு இழைக்கு ஒரு மிருகமாக, சொல்லவும் முறுக்கவும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. நுனியில்லாத சுண்டுவிரல் மட்டும் சற்று ஒதுங்கி நின்றது.

மாமா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே வரவில்லை. நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெண் என்கிற வெட்கத்தையும் மறந்து, கதவை விட்டு வெளியே வந்திருந்தேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். நாச்சிமுத்து குனிந்து ஒவ்வொரு இழையாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கழலவில்லை. ஒரு இழையை மட்டும் மறுபடியும் இழுத்தார். அது ஒத்தைக் கொம்புக்காரனுடைய இழை என்று நினைக்கிறேன்.

பிறகு முன்கட்டுக்குப் போய் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வாசலில் வண்டி ஏறும்போது மாமாவிடம் அவர் சொன்னதை மாமா எங்களிடம் வந்து சொன்னார். "கைக்கு ஒண்ணுமில்லீங்க. வாயிதான் கொஞ்சம் நீளம். அது ஒட்டுவாரொட்டி வியாதி இல்லீங்களே. நாள் பாக்கலாமுங்க."

அம்மா சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சொல்லக் கிளம்பினார். நோயாளியென்று ஒதுக்கியிருக்க வேண்டியவரைப் பொய்யர் என்று ஒப்புக்கொண்டு சம்பந்தம் செய்கிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்பா மட்டும் வாசலில் கிடந்த காலுறையை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன், அவர் சொன்னதை நான் நம்பியிருந்தால். நோய் இல்லை என்பதுதான் நிச்சயமாயிற்று. அப்படியென்றால் விரல் எங்கே போயிற்று?

உமிக்குள் வந்த கட்டி

கல்யாணம் சித்திரையில். சேலத்துச் சித்திரையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பந்தல் கீற்று முறுகி உதிர்ந்தது. தவில்காரர் துண்டைப் பிழிந்து பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் அப்போது புதிதாக வந்திருந்த ஒரு நாகரிகத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். சர்பத்துக்கு ஐஸ். ஜங்ஷன் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஐஸ் கட்டியை உமியில் புதைத்து, சாக்கில் கட்டி, குதிரை வண்டியில் ஏற்றி வந்தார்கள். எங்கள் தெருவில் பலர் அன்றுதான் ஐஸை முதன்முதலாகப் பார்த்தார்கள். குழந்தைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். பெரியவர்களும் தொட்டுப் பார்த்தார்கள், கூச்சல் மட்டும் போடவில்லை.

தாலி கட்டி முடிந்து நான் மணவறையில் உட்கார்ந்திருந்தேன். தலையைக் குனிந்திருக்கச் சொல்லியிருந்தார்கள். குனிந்தபடியே எல்லாவற்றையும் பார்க்க எனக்கு நல்ல பழக்கம்.

அப்பா காலையிலிருந்து ஓடியாடிக்கொண்டிருந்தார். அண்டா தூக்கினார், பாய் விரித்தார், வந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சாக்கை இறக்கி மணவறைக்குப் பக்கத்தில் வைத்தபோது, ஒரு கை பிடிக்கலாமென்று அவரும் வந்தார். உமி சரிந்து கட்டி வெளியே தெரிந்தது. அதிலிருந்து வெண்புகை மாதிரி குளிர் எழுந்தது.

அப்பா நின்றுவிட்டார்.

இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய் அக்குளுக்குள் புகுந்துகொண்டன. இடது கால் தரையை விட்டு எழும்பி, வலது காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்த வெயிலில், பட்டுச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்த நிலையில், பற்கள் கிட்டிக்கொள்ள அவர் நின்றார். யார் பார்க்கிறார்கள் என்ற நினைவே அவருக்கு இல்லை. அதை ஒத்திகை பார்த்து யாராலும் செய்ய முடியாது. எனக்குத் தெரியும், நான் வருஷக்கணக்காகக் கண்காணித்தவள்.

என்னைத் தவிர இன்னொருவரும் கவனித்துவிட்டார். பந்தலின் அந்தப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்து எழுந்து வந்தார். வண்டிக்காரரைக் கூப்பிட்டு, சாக்கைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அப்பாவின் தோளில் கை வைத்து அவரை வெயில் விழுந்த இடமாகப் பார்த்து உட்காரவைத்தார். தானும் அருகிலேயே, பாய்கூட இல்லாமல், தோளோடு தோள் உட்கார்ந்தார்.

பிறகு நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கோணும். அந்த வெள்ளைக் கரடி எந்நேரமும் பனிமேலயேதான் நடக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அதுக்குக் காலு போகாதுங்களா?"

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கேலி செய்கிறாரா என்று தேடினார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சந்தேகமாகப் பார்த்து நான் கண்டதில்லை. நாச்சிமுத்துவின் முகத்தில் கேலி இல்லை.

"அதுக்கு உள்ளங்கால்லயும் மயிரு இருக்குதுங்க சம்பந்தி" என்றார் அப்பா. "நமக்குத்தான் இல்லீங்க."

நான் மணவறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பிறந்த வீட்டைப் பிரியப்போகிற துக்கம் என்று சொல்லி யாரோ என் கண்ணைத் துடைத்துவிட்டார்கள்.